தங்கையிடம் "கிச்சனுக்குப் போ" என்னும் 14 வயது மகன்: ஃபோனைப் பிடுங்கும் முன் சில விஷயங்கள்

லண்டனில் இருக்கிறீர்கள். மகனுக்கு 14 வயது, இயர் 9. ஆறேழு மாதமாக அவன் பேச்சே மாறிவிட்டது என்கிறீர்கள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் 10 வயதுத் தங்கையைப் பார்த்து "இது உன் வேலை, கிச்சனுக்குப் போ" என்கிறான். 80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களைத்தான் விரும்புவார்கள், மற்றவன் எல்லாம் வேஸ்ட் என்று கணக்கு சொல்கிறான். ஃபோனை எட்டிப் பார்த்தால், பெண்களை மட்டம் தட்டிப் பேசும் இணையப் பிரபலம் ஆண்ட்ரூ டேட். இது வயசுக் கோளாறா, ஃபோனைப் பிடுங்கிவிடலாமா, பள்ளியில் சொன்னால் தீவிரவாதப் பட்டியலில் பெயர் ஏறிவிடுமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் சொல்லாமல் நிற்பது இன்னொன்று: நான் வளர்த்த பிள்ளை எங்கே போய் இதைக் கற்றான், அவனை மீட்க முடியுமா? இங்கிலாந்துப் பள்ளிகளில் பதின்வயதினருக்கான ஆலோசகர் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அவன் எங்கும் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. டப்ளின் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புதுக் கைப்பேசிகளில் பதின்வயது ஆண்களுடையவை போல 10 கணக்குகளைத் திறந்து, டிக்டாக்கும் யூடியூப் ஷார்ட்ஸும் எதைக் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று பதிவு செய்தார்கள். ஜிம், விளையாட்டு என்று சாதாரணமாகப் பார்த்த கணக்குகளுக்கும் முதல் 23 நிமிடத்துக்குள் பெண்வெறுப்பு, பெண்ணிய எதிர்ப்பு வீடியோக்கள் வந்துவிட்டன. இரண்டு மூன்று மணி நேரம் பார்த்த பிறகு வந்ததில் பெரும்பகுதி அந்த வகைதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அதே ஆண்டு டிக்டாக்கில் செய்த சோதனையில், ஐந்தே நாளில் அப்படிப்பட்ட வீடியோக்களின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 56 சதவீதமாக ஏறியது. ஆகவே "நீ ஏன்டா இதையெல்லாம் தேடுகிறாய்" என்று தொடங்கினால் அவன் செய்யாத ஒன்றுக்குக் குற்றம் சாட்டியதாகிவிடும். பேச்சு அங்கேயே முறிந்துபோகும்.

டேட் என்ற பெயரைத் தடுத்துவிட்டால் போதும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வளர்ந்த முன்னாள் கிக்பாக்சர் அவர். 2022 ஆகஸ்டிலேயே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் நான்கும் அவர் கணக்குகளை நீக்கிவிட்டன. வீடியோக்கள் குறையவில்லை. காரணம் வியாபாரம். மாதச் சந்தா கட்டிச் சேரும் ஒரு 'பணம் சம்பாதிக்கும் வகுப்பு' நடத்தினார். சேர்ந்தவர்கள் அவருடைய பேச்சைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் கணக்கில் போட்டு, அதன் வழியாகப் புது ஆள் சேர்த்தால் கமிஷன். கோபத்தைக் கிளப்பும் துண்டுக்குத்தான் அதிகப் பார்வை, அதனால் அதைத்தான் வெட்டுவார்கள். உங்கள் மகன் பார்ப்பது பெரும்பாலும் முகம் தெரியாத யாரோ கமிஷனுக்காக வெட்டிப் போட்டது. இதை 14 வயதுப் பையன்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். "அவர் பெண்களை மதிப்பதில்லை" என்பதைவிட "உன்னை வைத்து அவன் சம்பாதிக்கிறான்" என்பது அவர்களுக்கு உறைக்கிறது. ருமேனியாவில் 2022 டிசம்பரில் அவர் கைதானார். அங்கே பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல் குற்றச்சாட்டுகள். பிரிட்டனிலும் அதே மாதிரிக் குற்றச்சாட்டுகள் இருப்பதை அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2025 மே மாதம் உறுதிசெய்தது. எல்லாவற்றையும் அவர் மறுக்கிறார். மகனிடம் இதைச் சொல்லும்போது 'குற்றச்சாட்டு' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். நீங்கள் ஒரு தகவலை மிகைப்படுத்தினாலும் அவன் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச எல்லாவற்றையும் தள்ளிவிடுவான்.

இனி, வயசுக் கோளாறா என்ற கேள்வி. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: இந்த வீடியோக்கள் பையன்களை வந்தடைகின்றன, மிக வேகமாக வந்தடைகின்றன, பள்ளியில் ஆசிரியைகளிடமும் சக மாணவிகளிடமும் பேசும் விதத்தில் அதன் தடம் தெரிகிறது. பார்த்தவன் எல்லாம் நம்புகிறானா என்பது வேறு விஷயம். போலிக் கணக்கை வைத்துச் செய்யும் ஆய்வு எது காட்டப்படுகிறது என்பதை அளக்கும். பிள்ளையின் மனதில் எது தங்குகிறது என்பதை அளக்காது. பலரும் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள், உடற்பயிற்சியை எடுத்துக்கொண்டு மற்றதைச் சிரித்து விடுகிறவர்கள் நிறைய உண்டு. ஆண்களின் உடல்நலத்துக்காக இயங்கும் மூவெம்பர் அமைப்பு 2025-ல் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா இளைஞர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட இப்படிப்பட்ட 'ஆண்மை' வழிகாட்டிகளைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஊக்கம் கிடைக்கிறது என்று சொன்ன அதே கூட்டத்தில்தான் தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தது. வீடியோ அப்படி ஆக்கியதா, அப்படி உணர்ந்தவன்தான் வீடியோவிடம் போனானா என்பதை அந்தக் கணக்கெடுப்பிலிருந்து பிரிக்க முடியாது. இரண்டும் நடக்கிறது என்பதே என் அபிப்பிராயம். உங்கள் மகன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று நீங்கள் எழுதிய பத்து வரியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

அவனுக்கு எது தேவைப்பட்டதால் அது உள்ளே நுழைந்தது என்று பார்ப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் வேலை. பெரும்பாலும் நான்கு வாசல்: உடம்பு, பணம், தனிமை, ஒரு பெண் மறுத்தது அல்லது அவன் எதிரில் சிரித்தது. உடம்பு என்பதை அசட்டை செய்யாதீர்கள். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் சில பையன்கள் வாயில் விரல் வைத்துவிட்டுத் தாடை எலும்பின் ஓரமாக ஒரு கோடு இழுத்துக் காட்டுவார்கள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், பேச மாட்டேன் என்று அர்த்தம். அப்படி வைத்தால் தாடை சதுரமாகும் என்பது, தோற்றத்தை எப்படியாவது மெருகேற்றத் துடிக்கும் 'லுக்ஸ்மேக்ஸிங்' உலகத்தின் நம்பிக்கை; அப்படி ஆவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அது விளையாட்டாகவே போய்விடும். ஆனால் அதே வழியில் கொஞ்சம் தள்ளிப் போனால் கன்ன எலும்பைச் சுத்தியலால் தட்டி 'வடிவமைப்பது' வரை சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடுகிறதா, முகத்தை அளந்து படம் எடுக்கிறானா, சாப்பாட்டைக் குறைக்கிறானா, பெயர் தெரியாத பவுடர் பார்சல் வருகிறதா என்று கவனியுங்கள். பெண்களைப் பற்றிய பேச்சைவிட இதுதான் முதலில் கண்ணில் படும்.

ஒரு விஷயத்தை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வீடியோ சொல்வது நம் வீடுகளில் முற்றிலும் புதிய பேச்சு இல்லை. தட்டை எடுக்கும் வேலை எப்போது தங்கையுடையதாக ஆனது? விருந்தினர் வந்தால் யார் எழுந்து தேநீர் கொண்டுவருகிறார்கள்? "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று தாத்தாவோ பெரியம்மாவோ எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்? பள்ளியில் ஒன்றும் வீட்டில் வேறொன்றும் கேட்டு வளரும் பையனுக்கு, வீட்டில் அரைகுறையாகப் பார்த்ததை ஒருவன் ஆங்கிலத்தில், விலையுயர்ந்த காரில் சாய்ந்துகொண்டு சொன்னால் அது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அதனால் திருத்தத்தைத் தட்டிலிருந்தே தொடங்கலாம். அவன் தட்டை அவன் கழுவட்டும், அவன் அப்பாவும் கழுவட்டும், அவன் பார்க்கும்படி. அப்பா மேசையில் உட்கார்ந்துகொண்டு "அம்மா சொல்வதைக் கேள்" என்றால் பையன் வேறு பாடம் கற்றுக்கொள்வான்.

பேசும் முறை. எதிரெதிரே உட்கார்த்தி விசாரிக்க வேண்டாம். காரில் போகும்போது, நாயைக் கூட்டிப் போகும்போது, கண்ணோடு கண் பார்க்காத இடத்தில் பத்து நிமிடம் போதும். அப்பா பேசினால் நல்லது, மாமாவோ பெரிய கசினோ பேசினாலும் நல்லது. அவன் யாரைப் போல ஆக விரும்புகிறானோ அவர். ஒரே ஒரு கேள்வி: "அந்த வீடியோல உனக்குப் பிடிச்சது என்ன?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதல் பதில் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும், இரண்டாவது பதிலுக்குக் காத்திருங்கள். "ஜிம்முக்குப் போகணும்னு தோணுது" என்றால் அது நியாயமான ஆசை. அதை ஆமோதியுங்கள், முடிந்தால் உள்ளூர் லெஷர் சென்டரில் சேர்த்துவிடுங்கள். "யாரும் என்னை மதிக்கல" என்று சொன்னால் அன்றைக்கு வேறு எதையும் பேசாதீர்கள். இங்கே பெற்றோர் செய்யும் பெரிய பிழை, பிள்ளை வாய் திறந்த உடனே திருத்தத் தொடங்குவது. அதற்குப் பிறகு அவன் வாய் திறப்பதில்லை.

வாதம் செய்ய வேண்டி வந்தால் ஆளை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடியுங்கள். 80-20 கணக்குக்கு அதிகம் காட்டப்படும் ஆதாரம் ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளம் 2009-ல் வெளியிட்ட ஒரு புள்ளிவிவரம். ஆண்களின் படங்களுக்குப் பெண்கள் மதிப்பெண் போட்டபோது 80 சதவீதம் பேரைச் சராசரிக்குக் கீழே வைத்தார்கள். அது உண்மைதான், வீடியோவும் அங்கேயே நிறுத்திவிடும். அடுத்த படத்தைக் காட்டாது. யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று பார்த்தால், குறைந்த மதிப்பெண் வாங்கிய அதே சாதாரண ஆண்களுக்குத்தான் பெண்கள் அதிகம் எழுதியிருந்தார்கள். ஆண்கள் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டுவிட்டு, மூன்றில் இரண்டு பங்குக் கடிதங்களை அழகில் முதல் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கே அனுப்பியிருந்தார்கள். மகனிடம் இதை முழுதாகச் சொல்லாமல், "மதிப்பெண் சரி, கடிதம் யாருக்குப் போச்சுன்னு அந்த வீடியோ சொல்லுதா, நீயே தேடிப் பாரு" என்று விடுங்கள். தானே கண்டுபிடித்தால்தான் அது அவனுடையதாகும். மற்றவர்களை அடக்கி ஆள்பவனே தலைவன் என்னும் 'ஆல்ஃபா' கதையும் அப்படியே. வேறு வேறு இடங்களிலிருந்து பிடித்து ஒரே கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதிய ஆய்விலிருந்து வந்த சொல் அது. டேவிட் மெக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970-ல் அதைப் பரப்பினார். பிறகு காட்டில் பல ஆண்டுகள் ஓநாய்களைக் கவனித்துவிட்டு, கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் அவரே திருத்தி எழுதினார். காட்டில் தலைமை ஓநாய் என்றால் குட்டிகளுக்கு இரை கொண்டுவரும் அப்பா, அம்மா. பையன்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும், நண்பனிடம் போய்ச் சொல்வார்கள்.

ஃபோனைப் பற்றி. பிடுங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. பிடுங்கினால் நண்பன் ஃபோனிலும் பள்ளிப் பேருந்திலும் பார்ப்பான். கூடவே, தன்னைக் கண்டு பெண்கள் பயந்து அடக்குகிறார்கள் என்று வீடியோ சொன்னது வீட்டிலேயே நிரூபணம் ஆனதாக எடுத்துக்கொள்வான். இரவில் படுக்கையறையில் ஃபோன் இருக்கக் கூடாது என்பது மட்டும் பேரம் பேசாத விதியாக இருக்கட்டும்: ஒன்பதரை மணிக்கு எல்லோருடைய ஃபோனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜரில். அடுத்தது, எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்தை அவன் கையாலேயே துடைக்கச் சொல்லுங்கள். டிக்டாக்கில் செட்டிங்ஸுக்குள் கன்டென்ட் பிரிஃபரன்சஸ் போனால் ஃபார் யூ ஃபீடை, அதாவது ஆப் தானாகக் கொண்டுவந்து காட்டும் வீடியோ வரிசையை, ரிஃப்ரெஷ் செய்யும் வசதி இருக்கிறது. அதே இடத்தில் வேண்டாத சொற்களை வடிகட்டவும் முடியும். இன்ஸ்டாகிராமிலும் கன்டென்ட் பிரிஃபரன்சஸுக்குள் பரிந்துரைகளை ரீசெட் செய்யலாம். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரி, சர்ச் ஹிஸ்டரி இரண்டையும் அழித்துவிட்டு, இனி வரும் வீடியோவின் மூன்று புள்ளியைத் தொட்டு 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதை அழுத்த வேண்டும்.

துடைத்ததும் வேலை முடிந்தது என்று விட்டால் சில நாளில் பழைய நிலைமை திரும்பிவிடும். துடைத்த உடனே இருபது நிமிடம் கூட உட்கார்ந்து, அவனுக்கு உண்மையில் பிடித்த பத்துப் பதினைந்து கணக்குகளை, கால்பந்தோ சமையலோ கார் ரிப்பேரோ எதுவானாலும், அவன் ஃபாலோ செய்யட்டும். தொடக்கத்தில் பார்ப்பது ஃபீடை வளைக்கும். திட்டிக் கமென்ட் போடுவதும், கோபத்தில் இரண்டு முறை பார்ப்பதும், "பாருடா இந்த லூசை" என்று நண்பனுக்கு அனுப்புவதும் மூன்றுமே 'விருப்பம்' என்று கணக்கில் ஏறலாம் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் கவலையில் அந்த வீடியோக்களை உங்கள் ஃபோனில் தேடித் தேடிப் பார்த்திருந்தால் உங்கள் ஃபீடும் மாறியிருக்கும், அதையும் துடையுங்கள். இன்னொன்று, ரீசெட் எதுவும் டிஸ்கார்ட், டெலிகிராம், வாட்ஸப் குழுக்களைத் தொடாது. இரண்டாவது கணக்கு இருக்கிறதா என்று ரகசியமாகத் துழாவாமல் நேராகக் கேளுங்கள். பொய் சொன்னாலும் கேள்வி அவனுடன் இருக்கும்.

பள்ளிக்குச் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். அங்கே இது புதிய விஷயம் இல்லை; இங்கிலாந்தின் புதிய உறவு, பாலியல் கல்வி வழிகாட்டுதல் 2026 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வருகிறது, அதில் இணையப் பெண்வெறுப்பும், துணை கிடைக்காததற்குப் பெண்களைக் குறை சொல்லும் இன்செல் கலாச்சாரமும் பாடமாகவே சேர்ந்திருக்கின்றன. முதலில் ஃபார்ம் டியூட்டரிடமோ ஹெட் ஆஃப் இயரிடமோ பேசுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென ஒரு பொறுப்பாளர் உண்டு, தேவைப்பட்டால் அடுத்து அவர். நீங்கள் பயப்படுவது, யாரும் தீவிரவாதத்துக்குள் போகாமல் தடுக்க அரசு நடத்தும் 'பிரிவென்ட்' திட்டத்தை. தங்கையைச் சீண்டும் பேச்சுக்கும் 80-20 கணக்குக்கும் மட்டும் அதற்கு அனுப்புவது நியாயமாகாது. அப்படி அனுப்பினாலும் அது குற்றப் பதிவு ஆகாது. அதன்கீழ் வரும் 'சேனல்' உதவி, பெற்றோர் சம்மதத்துடன் மட்டுமே நடக்கும். தகவல் கோப்பில் பதிவாகும் என்பது உண்மை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். உண்மையில் உங்கள் பிள்ளைக்குச் சட்டச் சிக்கல் வரக்கூடிய இடம் வேறு. வகுப்புப் பெண்ணின் படத்தை ஏதோ ஆப்பில் போட்டு நிர்வாணப் படமாக மாற்றுவதும் அதைக் குழுவில் பகிர்வதும் 18 வயதுக்குட்பட்டவர் படம் என்றால் கடும் குற்றம். இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10. "ஜோக்குக்காகத்தான்" என்பது அங்கே எடுபடாது. இதை இந்த வாரமே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது? பெண்களைப் பற்றிய திமிர்ப் பேச்சு நம்பிக்கை இழந்த பேச்சாக மாறும்போது. 'இன்செல்' என்ற சொல்லே 1997-ல் கனடாவில் ஒரு பெண், துணை கிடைக்காமல் தனித்திருக்கும் ஆணும் பெண்ணும் ஆறுதலாகப் பேசிக்கொள்ளத் தொடங்கிய இணையப் பக்கத்திலிருந்து வந்தது. பின்னாளில் அதைக் கைப்பற்றியவர்களில் ஒரு பகுதி, என் முகம் இப்படி, என் கதை முடிந்தது, மாற வழியே இல்லை என்னும் 'பிளாக்பில்' நம்பிக்கைக்குள் போனது. 2014-ல் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் 6 பேரைக் கொன்றவனும், 2018-ல் டொராண்டோ நடைபாதையில் வேனை ஏற்றியவனும் அந்த உலகத்தோடு தங்களைச் சேர்த்துப் பேசியவர்கள். இந்த வீடியோக்களைப் பார்க்கும் பையன்களில் அந்த எல்லைக்குப் போகிறவர்கள் மிக மிகச் சிலர். எவன் போவான் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி எந்த நிபுணரிடமும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்க்க வேண்டியிருப்பது தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து. "எனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, நண்பர்களை முற்றிலும் விடுவது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது, கொலைகாரர்களைப் புகழ்வது, ஒரு குறிப்பிட்ட பெண்ணின் பெயரைச் சொல்லிப் பழிவாங்கும் பேச்சு, கத்தியைச் சேர்ப்பது: இதில் ஏதாவது கண்டால் அன்றைக்கே குடும்ப மருத்துவரான ஜிபியிடமும் பள்ளிப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999. அவனே பேச விரும்பினால், பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 0800 1111. அது இலவசம், அவன் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இரவில் நீங்களே பேச ஆள் தேடினால் சமாரிட்டன்ஸ் 116 123.

நீங்கள் எழுதியதில் மகளைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, அது என் மனதில் நிற்கிறது. ஆறேழு மாதமாக அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். அடுத்து அவளும் அண்ணன் படிக்கும் மாதிரி ஒரு பள்ளிக்குப் போகப் போகிறாள். மகனைப் புரிந்துகொள்ள நாள் எடுக்கும், பொறுமையாகப் பேசுங்கள். ஆனால் "கிச்சனுக்குப் போ" என்பதை நிறுத்த நாள் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அவன் சொன்ன அதே நிமிடத்தில், அவள் காதில் விழும்படி, "அப்படி இந்த வீட்டில் பேசக் கூடாது, உன் தட்டை நீ எடு" என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். பிறகு மகளைத் தனியாகக் கூட்டிப்போய், அண்ணன் வேறு என்ன சொல்கிறான், பள்ளியில் பையன்கள் அவளிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.